கருவாட்டு வாடையும் மான்டரே கரையும்

ஆர்.வி. வாடகைக்கு எடுக்கும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் ஒரு வரி இருந்தது. வண்டிக்குள் கடும் வாடை வரும் சமையல் செய்தால் 250 டாலர் சுத்தம் செய்யும் கட்டணம். புகை பிடித்தாலும் அதே 250. நான் அதைப் படித்துவிட்டு மெதுவாக அம்மாவைப் பார்த்தேன். அம்மா தூத்துக்குடியிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்திருந்தார். கொண்டுவந்த பெட்டியில் மூன்று சுற்று பிளாஸ்டிக் பைக்குள் நெத்திலிக் கருவாடு இருந்தது. பயணத்துக்கு அதில் பாதியை எடுத்து வைத்தாச்சு என்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

ஆர்.வி. என்றால் தெரியாதவர்களுக்கு: லாரியின் அடிச்சட்டத்தில் ஒரு சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. எங்களுடையது 25 அடி. ஓட்டுவது மினி பஸ் ஓட்டுவது மாதிரிதான், வளைவில் மட்டும் பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கழிவுத் தொட்டியைக் காலி பண்ணும் வேலையைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரையை யாரும் தொடர்ந்து படிக்கமாட்டீங்க, விட்டுவிடுகிறேன்.

மே மாசக் கடைசி நீண்ட வார இறுதி. திட்டம் ரொம்ப எளிது. கலிஃபோர்னியாவின் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் ஹாஃப் மூன் பே தொடங்கித் தெற்கே மான்டரே, பாயின்ட் லோபோஸ், பிக்ஸ்பி பாலம் வரை போவது. வழியில் என்ன மீன் கிடைக்கிறதோ அதைச் சாப்பிடுவது. ஆராய்ச்சி எதுவும் கிடையாது என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருந்தார்கள். இந்தக் கட்டுரை இருப்பதிலிருந்தே அந்தச் சத்தியம் என்ன ஆச்சு என்று தெரிந்திருக்கும்.

ஹாஃப் மூன் பேயில் பில்லர் பாயின்ட் துறைமுகத்தில் படகிலிருந்தே மீன் வாங்கலாம். நம்ம ஊர் ஏலக்கூடச் சத்தம் எல்லாம் இருக்காது. படகின் பக்கவாட்டில் ஒரு பலகையில் இன்றைக்கு என்ன மீன், பவுண்டு எவ்வளவு என்று சாக்பீஸில் எழுதி வைத்திருப்பார்கள். டஞ்சனஸ் நண்டுக்குப் பெயர்போன இடம், ஆனால் நாங்கள் போன நேரம் நண்டுக் காலம் முடிந்திருந்தது. நண்டுக் கூண்டுகளின் கயிற்றில் திமிங்கிலங்கள் சிக்குவதால் சமீப வருஷங்களில் அந்தக் காலத்தையே சுருக்கிவிட்டார்கள். சால்மனும் இல்லை. 2023-இல் தொடங்கித் தொடர்ந்து மூன்று வருஷம் இந்த மாநிலத்தில் கடலில் வணிகத்துக்குச் சால்மன் பிடிக்கவே தடை போட்டார்கள். ராக்ஃபிஷ் இரண்டு வாங்கினோம். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க விட்டார்.

அங்கிருந்து தெற்கே போகும் சாலை அழகு. ஒரு பக்கம் முட்டைக்கோஸ் வயல், இன்னொரு பக்கம் செங்குத்தாக விழும் கரை, கீழே வெள்ளை நுரை. பிஜன் பாயின்ட் கலங்கரை விளக்கம் 1872-இல் கட்டியது, 115 அடி உயரம். அந்தப் பெயரில் புறா எதுவும் இல்லை. 1853-இல் அங்கே மோதி உடைந்த கேரியர் பிஜன் என்ற கப்பலின் பெயர் அது. இந்தக் கரையில் இப்படிப் பல பெயர்களுக்குப் பின்னால் ஒரு இழப்பு இருக்கிறது. நான் சொல்ல வந்ததும் அப்படி ஒரு பெயரைப் பற்றித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மான்டரே. பழைய மீனவர் துறையில் கடல்சிங்கங்கள் குரைத்துக்கொண்டே இருக்கின்றன. கடைவாசலில் நின்று கிளிஞ்சல் சூப்பைச் சின்னக் கிண்ணத்தில் ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். எந்த மெனுவைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது கலமாரி, அதாவது மாவில் முக்கிப் பொரித்த கணவாய். எங்கள் பக்கத்தில் இதைக் கடம்பா என்போம். சுவரெல்லாம் சிசிலியிலிருந்து வந்த மீனவக் குடும்பங்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். தாத்தா, பேரன், படகு. கலமாரி எங்கள் பரம்பரைச் சொத்து என்று அந்தப் படங்கள் சொல்லாமல் சொல்கின்றன.

அம்மா ஒரு துண்டை எடுத்து மென்றார். "கடம்பா நல்ல பிஞ்சுல. ஆனா உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. இதுக்கா இருபது டாலர்?"

விஷயம் இங்கே தொடங்குகிறது. சிசிலிக்காரர்கள் வருவதற்கு முன்பே இந்த விரிகுடாவில் கணவாயைத் தொழிலாகப் பிடித்தவர்கள் சீனர்கள். அவர்களும் ஆசைப்பட்டுப் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் கையைவிட்டுப் போனபின் மிஞ்சியது அதுதான்.

கொஞ்சம் பின்னால் போகணும். இந்தக் கரையின் பூர்வகுடிகள் ரம்சென் மொழி பேசியவர்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் பெரிய ஒற்றை ஓட்டு நத்தை ஒன்று உண்டு, ஓட்டின் உட்பக்கம் வானவில் மாதிரி மின்னும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அவுலுன். ஸ்பானியர் வாயில் அது அபுலோன் ஆகி, ஆங்கிலத்தில் அபலோன் ஆனது. உலகம் முழுக்க மெனுக்களில் இருக்கிற அந்தச் சொல் ரம்சென் மொழி கொடுத்தது. அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனுஷி இசபெல் மெடோஸ் 1939-இல் காலமானார். சொல் நட்சத்திர ஹோட்டலில் இருக்கிறது, மொழி இல்லை.

ஸ்பானிய மிஷன் 1770-இல் வந்தது. நோயிலும் கட்டாய உழைப்பிலும் பூர்வகுடிகள் குறைந்தார்கள். இன்னொரு பக்கம் ரஷ்யர்களும் மற்றவர்களும் கடல் நீர்நாயை அதன் ரோமத்துக்காக வேட்டையாடித் தீர்த்தார்கள். அந்த ரோமத்துக்குப் பெரிய சந்தை சீனாவின் கான்டன் நகரம். அபலோனைச் சாப்பிடும் இரண்டு பேர், அதாவது மனுஷனும் நீர்நாயும், ஒரே காலத்தில் குறைந்துபோனதால் பாறையெல்லாம் அபலோன் மேல் அபலோனாகப் பெருகியது. 1850-களின் தொடக்கத்தில் இங்கே வந்த சீன மீனவர்கள் கண்டது இந்தக் காட்சியைத்தான். யாங்கிகளுக்கு அது ரப்பர் மாதிரி ஏதோ ஒன்று. சீனர்களுக்கு அது ஊரில் விருந்துக்கு மட்டும் வைக்கும் பண்டம். கழற்றி, வேகவைத்து, காயவைத்து, ஊருக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் குடியேறிய முனைக்குப் பெயர் பாயின்ட் அலோன்ஸ். ஆங்கிலத்தில் படித்தால் தனிமை முனை என்று தோன்றும். அப்படி இல்லை. அதே அவுலுன்தான் தேய்ந்து அலோன்ஸ் ஆகியிருக்கிறது. அபலோன் முனை.

இந்தக் கிராமத்தில் எனக்குப் பிடித்த விஷயம், அது குடும்பங்களின் ஊர் என்பதுதான். அன்றைய கலிஃபோர்னியாவின் மற்ற சீனக் குடியிருப்புகள் பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே இருந்த இடங்கள். சுரங்கம், ரயில் பாதை என்று கூலிக்கு வந்தவர்கள். இங்கே பெண்கள் வலை பின்னினார்கள், மீன் காயப்போட்டார்கள், பிள்ளைகள் கரையில் ஓடின. குவோக் முய் என்ற பெண் 1859-இல் பாயின்ட் லோபோஸில் பிறந்தார். ஐந்து மொழி பேசுவார் என்பதால் ஊரில் அவருக்கு ஸ்பானிஷ் மேரி என்று பெயர். மீனவக் குடியிருப்பில் வளர்ந்தால் அப்படித்தான். தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் நாலு மொழியில் பேரம் பேசுகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.

சட்டம் அவர்களைச் சும்மா விடவில்லை. 1860-இல் கலிஃபோர்னியா சீன மீனவர்களுக்கு மட்டும் தலைக்கு மாசம் 4 டாலர் உரிமக் கட்டணம் போட்டது. 1864-இல் அதை நீக்கினார்கள். 1880-இல் குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயலார் மீன் பிடிக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. யாரைக் குறிவைத்தது என்று சொல்லத் தேவையில்லை. அதை அந்த வருஷமே ஃபெடரல் நீதிமன்றம் ரத்து செய்தது. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுக்கும் சட்டம். காகிதத்தில் இத்தனை. கடலில் நடந்தது வேறு மாதிரி. 1870-களில் ஜெனோவா பக்கத்து இத்தாலியர் வந்து சேர்ந்தபின் பகல் கடலில் தகராறு. வலைகள் அறுபட்டன. நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின.

சீனர்கள் எடுத்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. பகல் கடலை விட்டுவிட்டு இரவுக் கடலுக்குப் போனார்கள்.

கணவாய் வெளிச்சத்துக்கு வரும். படகின் முனையில் ஒரு இரும்புக் கூடை, அதில் பிசின் நிறைந்த பைன் கட்டைகளைக் கொளுத்தி வைப்பார்கள். அந்த வெளிச்சத்தைச் சுற்றிக் கணவாய் கூட்டமாகத் திரளும்போது கூட வந்த படகுகள் வலையைச் சுற்றிவிட்டு இழுக்கும். இத்தாலியர் தூங்கும் நேரம், இத்தாலியர் சீண்டாத சரக்கு. கணவாய் அன்றைக்கு அமெரிக்கத் தட்டில் ஏறாத பொருள், தூண்டிலுக்கு இரை, அவ்வளவுதான். பிடித்ததைக் காயவைத்து முன்னால் அபலோன் போன வழியிலேயே சீனாவுக்கு ஏற்றினார்கள். நீர்நாய் ரோமம், அபலோன், கணவாய். நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கரையிலிருந்து போன சரக்குகளுக்கு வாங்குபவர் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கிறார்.

இரவில் விரிகுடா முழுக்க நெருப்புப் பொட்டுகள். கரையில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். ரயில் முதலாளி சார்லஸ் குரோக்கரின் பசிபிக் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி 1880-இல் ஹோட்டல் டெல் மான்டே என்ற மாபெரும் ஓய்வு விடுதியைத் திறந்தது. அடுத்த வருஷம் அதன் விருந்தினர்கள் குதிரை வண்டியில் கரையைச் சுற்றிப் பார்க்கப் பதினேழு மைல் சாலை போட்டார்கள். இன்றைக்கும் பணம் கட்டிப் போகிற அதே சாலையின் மூதாதை. அன்றைய பாதை சீனக் கிராமத்து வழியாகவே போனது. விருந்தினர்கள் இறங்கி, சிப்பி ஓடு வாங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டி ஏறினார்கள். கிராமம் இருந்த நிலமும் அதே கம்பெனிக்குச் சொந்தம். சீனர்கள் வாடகைக்கு இருந்தவர்கள்.

மூக்கைப் பொத்துவது சும்மா சொன்னதில்லை. பக்கத்தில் பசிபிக் குரோவ் என்ற ஊர் 1875-இல் மெதடிஸ்ட் சபையினரின் கோடைக்கால முகாமாகத் தொடங்கியது. கூடாரங்கள் வீடுகளாயின, வீடுகள் ஊராயின. ஊருக்குக் கணவாய் காயும் வாடை பிரச்சினையானது. டன் கணக்கில் கணவாயைத் தரையில் பரப்பிக் காயவைத்தால் வாடை வரும்தான், அதை மறுக்க முடியாது. கருவாட்டுக் களத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். எங்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கே சொல்லும். ஆனால் அந்த வாடை புதுசா வந்ததில்லை. வாடைக்குப் பக்கத்தில் வந்து வீடு கட்டியவர்கள்தான் புதுசு.

இந்த வாடை விவகாரத்தை முழு வரலாறாகவே எழுதியிருக்கிறார் கானி சியாங் என்ற வரலாற்றாசிரியர். மான்டரேயில் யாருடைய நாற்றம் தொல்லை, யாருடைய நாற்றம் வளர்ச்சி என்பதைப் பின்தொடர்ந்து போன ஆய்வு. சீனக் கிராமத்தின் கதையை விரிவாகத் தோண்டி எடுத்தவர் சாண்டி லைடன். 1985-இல் வந்த அவருடைய சைனீஸ் கோல்டு புத்தகத்தைத்தான் நான் ஆர்.வி.யின் மேல்படுக்கையில் ஒளித்து வைத்திருந்தேன். மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

வாடைப் புகார்கள் வலுத்தன. கம்பெனிக்கு அந்த நிலத்தை நல்ல விலைக்கு மாற்றும் யோசனையும் இருந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தபோது சீனர்களைக் காலி செய்யச் சொன்னது. ஐம்பது வருஷமாக இருந்த ஊர், அவர்கள் கிளம்பவில்லை. 1906 ஏப்ரல் 18-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பூகம்பம். அதற்குச் சரியாக நான்கு வாரம் கழித்து, மே 16 இரவு, பாயின்ட் அலோன்ஸ் கிராமம் தீப்பிடித்தது. பெரும்பகுதி சாம்பல். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் சிலர் வீடுகளிலிருந்து காப்பாற்றி வெளியே வைத்த சாமான்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். யார் தீ வைத்தார்கள் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபணம் ஆகவில்லை, யாரும் தண்டிக்கப்படவும் இல்லை.

மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோளாறு யாருக்கு லாபமாக முடிந்தது என்பது அதன் காரணம் ஆகாது, பதிவேட்டில் ஆதாரம் வேணும். அதனால் நான் கம்பெனிதான் கொளுத்தியது என்று எழுதமாட்டேன். தீக்கு அடுத்து நடந்தவை மட்டும் பதிவேட்டில் இருக்கின்றன. கம்பெனி இடத்தைச் சுற்றி வேலி போட்டது. எரியாமல் மிஞ்சிய கொஞ்ச வீடுகளில் ஒண்டிக்கொண்டு சீனர்கள் நகர மறுத்தார்கள். கடைசியில் சிலர் கொஞ்ச தூரத்தில் இருந்த மெக்கபி கடற்கரைக்கு மாறினார்கள், மற்றவர்கள் சிதறினார்கள். கிராமம் இருந்த முனையில் 1917-இல் ஸ்டான்ஃபோர்டின் ஹாப்கின்ஸ் கடலாய்வு நிலையம் வந்தது. கணவாயைக் காயப்போட்ட இடத்தில் கணவாயின் நரம்பைப் பற்றி ஆராய்ச்சி. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே உலகத்தரமான ஆராய்ச்சி.

ஞாயிறு காலை பாயின்ட் லோபோஸ். பெரிய வண்டிகளை உள்ளே விடுவதில்லை, அதனால் பக்கத்து ஊரில் இருக்கும் நண்பர் தன் காரில் அழைத்துப்போனார். கடல் பச்சையும் நீலமும் கலந்து, கெல்ப் என்ற ராட்சதக் கடற்பாசி மிதக்க, அதன் நடுவில் ஒரு நீர்நாய் மல்லாந்து படுத்து வயிற்றில் கல்லை வைத்து எதையோ உடைத்துக்கொண்டிருந்தது. அழிந்தேபோச்சு என்று நினைத்த விலங்கு அது. 1938-இல் கொஞ்சம் தெற்கே, பிக்ஸ்பி ஓடை கடலில் சேரும் இடத்தில் ஒரு சின்னக் கூட்டம் இருப்பது வெளியே தெரிய வந்தது. அந்தக் கரை நெடுஞ்சாலையைத் திறந்த மறுவருஷம்.

அங்கே வேலர்ஸ் கேபின் என்று ஒரு மரக்குடில் உண்டு. பெயர்தான் திமிங்கில வேட்டைக்காரர் குடில், 1850-களில் கட்டியவர்கள் சீன மீனவர்கள். தரைப்பலகைக்கு முட்டுக்கொடுக்கத் திமிங்கில முதுகெலும்புகளை வைத்திருக்கிறார்கள். என் மகன் குப்புறப் படுத்து அதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை. குடிலுக்கு முன்னால் உள்ள சின்னக் குடாவில்தான் அடுத்த கதை. 1897-இல் ஜப்பானிலிருந்து கெனோசுகே கொடானி வந்தார். தன் ஊரான சிபா பகுதியிலிருந்து முக்குளிப்பவர்களை அழைத்தார். தலைக்கவசம் போட்டு ஆழத்தில் இறங்கி, சீனர்கள் தொட முடியாத ஆழத்து அபலோனை எடுத்தார்கள். நிலத்தின் சொந்தக்காரர் அலெக்சாண்டர் ஆலனுடன் கூட்டாக ஒரு டப்பா ஆலையும் நடத்தினார். கொடானி 1930-இல் இறந்தார். 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரையும் முகாமுக்கு அனுப்பியபோது அவருடைய குடும்பமும் போனது.

அபலோன் வெள்ளையர் தட்டில் ஏறியதற்கும் ஒருவர் இருக்கிறார். ஜெர்மன்காரர், பாப் எர்னஸ்ட் என்று பெயர். அபலோனைச் சுத்தியால் தட்டி மெதுவாக்கி, வெண்ணெயில் பொரித்து மான்டரேயில் விற்றார், ஓஹோவென்று ஓடியது. இன்றைக்குக் கடலில் எடுக்கவே தடை. வணிகப் பிடிப்பு 1997-இல் மூடியது, பொழுதுபோக்காக முக்குளித்து எடுப்பதும் 2018-இல் நின்றது. மான்டரேயின் இரண்டாம் துறைமேடைக்கு அடியில் கூண்டுகளில் வளர்க்கிறார்கள், அது மட்டும்தான் கிடைக்கும். விலையைக் கேட்டோம். கேட்டதோடு சரி.

மறுபடி வாடைக்கு வருகிறேன். சீனக் கிராமம் எரிந்ததற்கு முன்னும் பின்னுமாக அதே கரையில் மத்தி டப்பா ஆலைகள் எழுந்தன. நம்ம ஊர் சாளையின் சொந்தக்கார மீன். நார்வேக்காரர் கனுட் ஹோவ்டன் இயந்திரம் கொண்டுவந்தார், சிசிலிக்காரர் பியத்ரோ ஃபெரான்டே லம்பாரா என்ற வலையைக் கொண்டுவந்தார். 1941-42 பருவத்தில் மான்டரேயில் இறங்கிய மத்தி சுமார் இரண்டரை லட்சம் டன். அதில் டப்பாவுக்குள் போனதைவிட அரைத்துக் கோழித் தீவனமாகவும் உரமாகவும் எண்ணெயாகவும் போனது அதிகம். அந்த அரவை ஆலைகளின் நாற்றத்துக்கு முன்னால் கணவாய்க் கருவாடு மல்லிகைப்பூ. ஹோட்டல்காரர்கள் புகார் செய்தார்கள், ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஊருக்கே சம்பளம் கொடுத்த நாற்றம், அதனால் பொறுத்துக்கொண்டார்கள். இரவில் யாரும் வேலி போடவில்லை.

நான் மூக்கையும் நியாயத்தையும் ரொம்ப எளிதாக முடிச்சுப் போடுகிறேனோ என்று யோசித்தேன். வாடையே இல்லாமல் இருந்தாலும் அந்த நிலம் அவர்கள் கையில் நிலைத்திருக்காது, 1882 சட்டத்தின் காற்று அப்படி. ஆனால் வாடை என்ற சொல்லுக்கு ஒரு வசதி இருக்கிறது. உன்னைப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்ல வேண்டாம். உன் சமையல் பிடிக்கவில்லை என்றால் போதும். சென்னையில் வீடு தேடிய காலத்தில், நீங்க சைவமா என்ற கேள்விக்குப் பின்னால் எத்தனை கேள்விகள் நின்றன என்று எனக்குத் தெரியும். இங்கே வந்த புதிதில் ஒரு அடுக்குமாடியில், என் கதவில் யாரோ காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். வாடை என்று ஒரே ஒரு சொல்.

மத்தி 1940-களின் கடைசியில் திடீரென்று காணாமல் போச்சு. அளவில்லாமல் பிடித்தது ஒரு காரணம், கடலின் வெப்பச் சுழற்சி இன்னொன்று. சான்டா பார்பரா பக்கத்துக் கடலடிச் சேற்றில் படிந்த மீன் செதில்களை எண்ணிப் பார்த்தவர்கள், ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகவே மத்தி பெருகுவதும் குறைவதுமாக இருந்திருக்கிறது என்று காட்டினார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஸ்டைன்பெக் 1945-இல் கேனரி ரோ நாவலை எழுதினார், 1958-இல் தெருவுக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். ஹோவ்டன் ஆலை 1973-இல் மூடியது, அந்த இடத்தில் 1984-இல் புகழ்பெற்ற மீன் காட்சியகம் வந்தது. கொதிகலன்களை இன்னும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நாற்றம் மட்டும் போயிடுச்சு, ஆகவே அது பாரம்பரியம் ஆகிவிட்டது.

மத்தி போனபின் படகுகளுக்கு மிஞ்சியது என்ன? கணவாய். லம்பாரா வலை வந்த நாளிலிருந்தே கணவாய் பிடிப்பது சீனர் கையிலிருந்து இத்தாலியர் கைக்குப் போக ஆரம்பித்திருந்தது. 1970-களுக்குப் பிறகு கலமாரி என்ற இத்தாலியப் பெயரோடு அது அமெரிக்க உணவகங்களில் ஏறியது. சிசிலிக் குடும்பங்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தாத்தாக்கள் நிஜமாகவே கணவாய் பிடித்தவர்கள். அவர்களுக்கு முன்னால் பிடித்தவர்களின் படம் அந்தச் சுவரில் இல்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் பசிபிக் குரோவ் கரைப்பாதையில் நடந்தோம். பழைய ரயில் பாதையைத்தான் நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள், அந்த ரயில் சீனக் கிராமத்துக்குள்ளேயே போனது. ஹாப்கின்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் சீல்கள் மணலில் கிடந்தன. கிராமத்தின் வழித்தோன்றல்கள் வருஷா வருஷம் மே மாசம் இந்த வழியாக நினைவு நடை நடக்கிறார்கள். 2022-இல் பசிபிக் குரோவ் நகர சபை முறைப்படி மன்னிப்புக் கேட்டது. தீக்கு 116 வருஷம் கழித்து. அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "காயப்போட நல்ல எடம்தான்ல, காத்து நல்லா வருது" என்றார்.

அன்றிரவு ஆர்.வி.க்கு வெளியே, முகாமின் மேஜையில் கேஸ் அடுப்பை வைத்து நெத்திலிக் கருவாடு வறுத்தோம். வண்டியின் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுத்தான். பக்கத்து வண்டி வயசான தம்பதி எட்டிப் பார்த்தார்கள். நான் தயாராக ஒரு மன்னிப்பை வைத்திருந்தேன். அந்த அம்மாள் என்ன மீன் என்று கேட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார், ரொம்ப உப்பு என்று சிரித்தார், இன்னொன்றும் எடுத்தார்.

சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். கலிஃபோர்னியாவில் வெள்ளி மத்தியானத்திலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை கணவாய் பிடிக்கக் கூடாது என்று விதி, அதனால் முந்தைய இரண்டு இரவும் விரிகுடா இருட்டாகத்தான் இருந்தது. ஞாயிறு இரவு அப்படி இல்லை. பாயின்ட் அலோன்ஸ் பக்கம் தண்ணீரில் ஆறேழு இடத்தில் வெள்ளை வெளிச்சம், அடிவானமே பச்சையாகத் தெரிந்தது. ஒரு படகுக்கு 30,000 வாட் வரை விளக்குப் போடலாம். பைன் கட்டைக்குப் பதில் மின்விளக்கு, மற்றபடி அதே வேலை, அதே கடல்.

"லைட்டப் போட்டா கடம்பா பிடிக்கானுவ?" என்றார் அம்மா. "ஆமாம்மா." "நம்ம ஊர்லயும் பிடிச்சானுவ, இப்ப கூடாதுன்னுட்டானுவ." 2017-இல் இந்திய அரசு எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பதைத் தடை செய்ததைச் சொல்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். "இந்தப் பனியில இவ்வளவயும் எங்கல காயப்போடுவானுவ?"

காயப்போடுவதில்லை, ஐஸ் வைத்துப் பெட்டியில் அடைத்துவிடுவார்கள் என்றேன். அதில் பெரும்பங்கு எங்கே போகிறது என்று கேட்டார். சீனாவுக்கு என்றேன். அங்கே சுத்தம் பண்ணி வெட்டி, கொஞ்சம் திரும்ப இங்கேயே வரும்.

"நேத்து தின்னமே, அது?"

அதுவாகவும் இருக்கலாம்.